நாலாவது கத்தல்

அக்கா,

இன்று காலையில் நைனா உன் வண்டியின் இடது ஷாக் அப்சார்பரைக் கழற்றிக் கொண்டுவந்து கொல்லையில் போட்டார். அதிலிருந்து கசிந்த பழைய எண்ணெயின் நாற்றம், அடுப்பில் பொரிந்துகொண்டிருந்த மீன் வாசனையையே அடித்துப் படுக்கப்போட்டது. ஒன்பது மாதமாக அந்த வண்டியை நாங்கள் யாரும் தொடவில்லை.

நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டதைவிட அடித்துக்கொண்டதுதான் அதிகம். உன் ஹெல்மெட்டுக்குள் நான் மிளகாய்ப்பொடி தூவியதற்கு, என் தலையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பத்துவரை எண்ணினாய், அதுவும் ஏழுக்குப் பிறகு மறந்துவிட்டதுபோல் மறுபடி ஒன்றிலிருந்து. என் தோளில் உன் பல் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. நல்ல வரிசையான பல், டாக்டரே பாராட்டுவார். வெளியாள் யாராவது என்மேல் கை வைத்தால் மட்டும் உனக்குப் பொறுக்காது. ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் ஒருத்தன் என்னை அறைந்தான் என்று அவன் மூக்கை டிபன் பாக்ஸால் உடைத்துவிட்டு வந்தவள் நீ.

உன் வண்டிக்கு, கரண்ட் இல்லாமலே ஷாக் அடிக்கும் வண்டி என்று பேர் வைத்தவன் நான். பின்பக்கம் அவ்வளவு மோசமாகத் தூக்கிப் போடும். கம்பெனிக்குப் போய்வந்தாலே இடுப்பு போகிறது என்று, அந்த ஞாயிற்றுக்கிழமை புதுவாயலில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து நல்ல ஸ்பிரிங் ஒன்று வாங்கி வந்தாய். மாற்றுவதற்குத் தனி மிஷின் வேண்டும் என்று மெக்கானிக் சொன்னாராம். நீ கேட்கவில்லை.

"மிஷினு எதுக்கு? ஊட்டுல ஒண்ணு துன்னுகினு கீதே, அத்த மேல குந்த வெச்சா போதும்."

வலது ஷாக்கை நிமிர்த்தி, ஸ்பிரிங்கின் தலைத் தட்டுக்கு இரண்டு பக்கமும் இரும்புக் குழாய் கொடுத்து, குழாய்களின் ஒரு முனையைத் துவைக்கிற கல்லுக்கு அடியில் செருகினாய். மறுமுனையில் நான் உட்கார்ந்து அமுக்க வேண்டும். ஸ்பிரிங் இறங்கியதும் நீ குனிந்து, தட்டைப் பிடித்திருக்கும் லாக்கை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. நவுந்தா கத்துடா என்று மட்டும் சொல்லிவைத்தாய்.

கத்தினேன். "நவுருது, நவுருது!" நீ துள்ளிப் பின்னால் விழுந்து சுவரில் தலையை இடித்துக்கொண்டாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எழுந்து வந்து ஸ்பேனரால் என் முழங்காலில் ஒன்று வைத்தாய். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது தடவை. இந்தமுறை ஸ்பேனர் பறந்து வந்தது. மூன்றாவதற்கு நீ பாதிதான் நகர்ந்தாய். விலாவில் உதைத்துவிட்டு மறுபடி குனிந்தாய்.

நாலாவது தடவை, சோப்புத் தண்ணீர் ஊறிய கல்லுக்கு அடியிலிருந்து குழாய் நிஜமாகவே வழுக்கியது. அதே சொல்லைத்தான் கத்தினேன். வேறு சொல் எனக்கு வரவில்லை.

"போடா, வேற எதுனா சொல்லு," என்றாய், நிமிராமலே.

ஸ்பிரிங் தட்டோடு பிய்த்துக்கொண்டு வந்து உன் நெற்றிப்பொட்டில் இறங்கியது. தேங்காய் உடைகிற சத்தம். ரத்தம் ஒரு கண்ணை மூடிவிட்டது. ஓடிவந்த நைனா என்ன நடந்தது என்றே கேட்காமல் என்னை அறைந்தார். ஆட்டோவில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டும், கை எட்டும்போதெல்லாம் என்னைக் குத்திக்கொண்டே வந்தார். எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரி வரிசையில் ஆட்டோ மாட்டிக்கொண்டது. அங்கேதான் நீ அவர் கையைப் பிடித்தாய்.

"அவன அடிக்காத நைனா. அவன் கத்துனான். நாந்தான் நவுரல."

அப்புறம் வாந்தி எடுத்தாய். தூக்கம் வருது என்றாய். கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உன்னை எழுப்ப முடியவில்லை. மண்டைக்குள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு என்னை யாரும் அடிக்கவில்லை. போலீஸ்காரர்கூட, பையன் எச்சரித்திருக்கிறான் என்றுதான் எழுதிக்கொண்டார். துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் என் தலையைத் தடவினார்கள். நீ சொன்னது பொய்யே இல்லை. மூன்று தடவையைச் சொல்லாமல் விட்டாய், அவ்வளவுதான். நானும் விட்டுவிட்டேன்.

நைனா இரும்பு உருக்குகிற கம்பெனியில் வேலை செய்கிறவர் அல்லவா, உன்னை அடித்த ஸ்பிரிங்கை அப்போதே கொண்டுபோய் உலையில் எறிந்துவிட்டு வந்தார். இன்று அதன் ஜோடியை எறியவேண்டும் என்று வெறி வந்திருக்கிறது. எண்ணெயோடு ஷாக்கை அப்படியே போட்டால் உலை வெடிக்கும்; ஸ்பிரிங்கைத் தனியாகத்தான் எடுக்க வேண்டும். இந்தமுறை மெக்கானிக்கிடம் மிஷினையே கேட்டு வாங்கி வந்திருந்தார். திருகி ஸ்பிரிங்கை இறக்கிவிட்டு, ஷாக்கை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"எதுனா நவுந்தா கத்துடா. அவ கேக்கல, நான் கேக்கறேன்," என்று முகத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோனார்.

"நைனா, மூஞ்ச எடு," என்றேன். "அன்னிக்கி மூணு தடவ சும்மா கத்துனேன். அதான் அவ நவுரல."

அவர் மிஷினை மெதுவாக, ஸ்பிரிங் முழுக்கத் தளரும்வரை, எதிர்ப்பக்கம் திருகினார். அதை ஓரமாகப் படுக்கவைத்துவிட்டு எழுந்து என்னை அறைந்தார். நான் கையை உயர்த்தவில்லை. சுவரில் மோதி விழுந்தேன். மறுபடி தூக்கி நிறுத்தி மறுபடி அறைந்தார். அப்புறம் என் சட்டையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து, ஏன்டா அவ சொல்லல, ஏன்டா சொல்லல என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.



இதை எழுதும்போதும் இடது காது இரைந்துகொண்டிருக்கிறது, அக்கா. ஆட்டோவில் நீ கையைப் பிடித்துத் தடுத்த அடி, ஒன்பது மாதம் கழித்து வந்து சேர்ந்துவிட்டது. மருந்து ஊற்றட்டுமா என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்றேன்.