கேரியர் வைத்த சைக்கிள்

மயிலாப்பூர்,
ஞாயிறு காலை

என் தாரணிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பள்ளிக்கூடத்தில் இதற்குக் கேலியாக "வந்துட்டேன் மேடம்" என்று பதில் சொல்வாயே, அதை ஒருதரம் சொல்லிவிட்டு மேலே படி. போனில் கூப்பிட்டால், பேச்சு இழுக்கிறது என்று வெட்கப்பட்டு வைத்துவிடுகிறாய். டொரான்டோவில் இருக்கிறவளை நான் வேறு எப்படிப் பிடிப்பது? இந்தக் கடிதத்தை எப்படிப் பாதியில் வைக்கிறாய் என்று பார்க்கிறேன்.

உன் மகள் எல்லாம் சொன்னாள். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கால் சொன்ன பேச்சுக் கேட்பதில்லையாம். பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணுக்கு நீ கதவே திறப்பதில்லையாம். "இனிமே மெட்ராஸ் கிடையாது, ஜுவேரியாகிட்ட சொல்லிடு" என்று வேறு சொல்லி அனுப்பியிருக்கிறாய். ஏன்டி, அதை என்னிடம் நேராகச் சொல்லக்கூடாதா? அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாதி கோபம், பாதி அழுகை.

அது இருக்கட்டும், என் சேதியைக் கேள். நான் சைக்கிள் வாங்கிவிட்டேன். சிரிக்காதே! மருமகள் வந்து, பேரன் பிறந்து, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற வயதில்தான் வாங்கினேன். தி.நகரில் பெரிய கண்ணாடிக் கடை. கேரியர் எங்கே என்று கேட்டதற்கு அங்கே இருந்த பையன், "மேடம், இப்ப வர்றதுல கேரியரே கிடையாது, லுக்கு போயிடும்" என்றான். ஸ்டாண்டு கிடையாது, மணி கூடத் தனியாக வாங்க வேண்டும். பெயருக்குத்தான் சைக்கிள், உன் பழைய சைக்கிளின் கம்பீரம் எதற்கும் இல்லை.

ஓட்டச் சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? என் வீட்டுக்காரர் ஷரீஃப்தான். கோபாலபுரத்தில் நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில், விடிந்ததும் சீட்டைப் பிடித்துக்கொண்டு லுங்கியோடு ஓடி வந்தார். "முன்னால பாரு, அய்யோ, முன்னால பாரு" என்று அவர் போட்ட சத்தத்தில் பங்களாக்காரர்கள் எல்லாரும் மாடிக்கு வந்துவிட்டார்கள். எனக்கோ சைக்கிள் இடது பக்கமே போகிறது. ஒரு நாள் போகன்வில்லா புதருக்குள், ஒரு நாள் நின்றுகொண்டிருந்த காரின் மேல். சைக்கிளில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, கோளாறு என் கழுத்தில் இருக்கிறது. கண் எங்கே போகிறதோ, சக்கரமும் அங்கே போகிறது. என் கண்ணோ தானாக இடது பக்கம் திரும்பிவிடுகிறது.

திரும்பாமல் என்ன செய்யும்? எத்தனை வருடம் உன் கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்தேன்! பின்னால் உட்காரலாம், ஓட்டக்கூடாது, அதுதான் என்னைப் பெற்ற அம்மி போட்ட சட்டம். திருவல்லிக்கேணியில் கிளம்பினால் புர்காவை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு, புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு, போகும்போது தெருவின் ஒரு பக்கம், வரும்போது மறு பக்கம் பார்த்தேன். எந்த வீட்டில் மோர்மிளகாய் காய்கிறது, எந்த வீட்டில் புது மாப்பிள்ளை வந்திருக்கிறான், எல்லாம் உனக்கு நான்தான் சொல்வேன். நீ மூச்சு வாங்க மிதித்துக்கொண்டே "அப்புறம்? அப்புறம்?" என்பாய். எதிரே என்ன வருகிறது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. எதிரே எனக்குத் தெரிந்ததெல்லாம் உன் ரெட்டைப் பின்னலும், மை கொட்டிய சட்டையின் முதுகும்தான். பஸ் வந்தாலும் லாரி வந்தாலும் அது உன் பாடு. அந்த நிம்மதி அதற்கப்புறம் எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லையடி.

இப்போது நன்றாகவே ஓட்டுகிறேன். சைக்கிளைப் பார்த்துக்கொள்வதுதான் பிள்ளை வளர்ப்பதை விடக் கஷ்டம். காற்று இருக்கிறதா என்று டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறேன். பிரேக் ஒயர் தளர்ந்தால் காதிலேயே தெரிகிறது. முதல் மாதம் மட்டும் ஒரு கூத்து நடந்தது. செயின் கிரீச்சென்றது என்று, தலைக்குத் தடவுகிற தேங்காய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, அதே ஜோரில் கடற்கரைப் பக்கம் போய் வந்தேன். சைக்கிள் கடை வேலு பார்த்துவிட்டு, "இன்னாம்மா, செயினுக்கு எண்ணெய் வச்சித் தலை வாரிவுட்டுக்கீறீங்க? மண்ணு பூரா ஒட்டிக்கினு கீது பாருங்க" என்று தெருவே சிரிக்கும்படி சொன்னான். நானும் சிரித்தேன். இப்போது பழைய துணியால் துடைத்துவிட்டு, அவன் கொடுத்த எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன்.

கேரியரும் வேலுதான் போட்டுக் கொடுத்தான். கம்பி உரசாமலிருக்க மேலே மெத்தை தைத்துப் போட்டிருக்கிறேன். அதில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு கோபாலபுரத்தைச் சுற்றுகிறேன். ஷரீஃப் தலையில் அடித்துக்கொள்கிறார், "கடைக்காரன் வீட்டுக்கே கொண்டாந்து போடுறான், உனக்கு இன்னா பைத்தியமா?" என்று. நான் சர்க்கரைக்காகத்தான் மிதிக்கிறேன் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். உன் மகள் போன் செய்த மறுநாளே நான் தி.நகர் போனது ஏன் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. மூட்டையோடு வளைவில் திரும்பும்போது இன்னும் கொஞ்சம் ஆடுகிறது. நீ வருவதற்குள் சரியாகிவிடும். இப்போது எத்தனை கிலோ இருக்கிறாய் என்று மட்டும் மறைக்காமல் எழுது.

கேரியரில் ஏறி உட்கார ஒரு காலையாவது ஊன்ற வேண்டும், தாரணி. நான் தூக்கி வைக்க முடியாது, என் முட்டி அவ்வளவுதான். அதனால் அந்தப் பெண் வந்தால் கதவைத் திற. வலித்தால் அழு, அவளைத் திட்டு, ஆனால் நட. ஒவ்வொரு தொழுகையிலும் உன் காலுக்காகக் கேட்கிறேன். பார்த்தசாரதி கோயில் வழியாகப் போகும்போது, வாசலில் சைக்கிளை நிறுத்தி உன் பெருமாளிடமும் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

நீ வா. பேச்சு இழுத்தால் இழுக்கட்டும், நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன். எந்த வீட்டில் என்ன காய்கிறது என்று இந்தத் தடவை நீ சொல்லு, நான் "அப்புறம்? அப்புறம்?" என்கிறேன். எதிரே வருவதை இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இத்தனை காலம் உன் பின்னால் உட்கார்ந்து வந்த,
ஜுவேரியா