தாயிடமிருந்து வந்தது

மஸ்கட்டில் இருக்கும் மகன் மாரீஸ்வரனுக்குப் போடியிலிருந்து அப்பா வீரையா எழுதுவது. பால்குடிப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டாய். அது தவறு. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்ற சேதி. நானும் உன் அம்மாவும் சுகம், நீயும் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள். போனில் பேசினால் வேலை வந்துவிட்டது என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் இதை எழுதிப் பக்கத்து வீட்டுப் பையனைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். பாதியில் நிறுத்தினாலும் மீதி அங்கேயே இருக்கும்.

பிள்ளை இனியவனுக்கு இப்போது நெஞ்சு இழுப்பு இல்லை, விடியற்காலையில் கொஞ்சம் இருமுகிறான், டப்பாப் பாலைக் குடித்துப் பாதியைக் கக்குகிறான். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சளிக்கு வைரஸ்தான் காரணம் என்றார்கள், பச்சைப் பிள்ளைகளின் உடம்பு அந்த வைரஸை எப்படி எதிர்க்கிறது என்று ஆராய்வதற்காக மருமகள் அனுசியாவிடம் கேட்டுக் கையெழுத்து வாங்கித்தான் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் ஷீலா வராந்தாவில் நின்று விளக்கினார். பிள்ளை ரத்தத்தில் இருக்கிற ஆன்டிபாடி, அதாவது நோயை எதிர்க்கிற பொருள், பிள்ளை உண்டாக்கியது இல்லை, அம்மாவிடமிருந்து வந்தது என்றார். மருந்துச் சீட்டோடு அப்போதுதான் வந்த உன் அம்மாவின் காதில் கடைசி இரண்டு வார்த்தை மட்டும் விழுந்தது. மருமக ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சீக்கைக் கொண்டாந்துட்டா என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டாள். அந்த வாரம் உன் அம்மாவுக்கும்தான் மூக்கு ஒழுகியது, அதை யாரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. ரிப்போர்ட்டுலயே வந்துருச்சாம்ல, பாலை நிறுத்து, பிள்ளைய விட்டுட்டு ஒன் வீட்டுக்குக் கெளம்பு என்று போனில் அனுசியாவிடம் சொன்னாய். நான் குறுக்கே பேசியதற்கு, ஆமா இவருதான் பெரிய டாக்டரு, பேப்பரு படிச்ச தெம்புல பேசுறாரு என்று உன் அம்மா சொன்னதும் நீ சிரித்தது எனக்குக் கேட்டது. பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக்கூட்டிப் படித்தவன்தான் நான், ஆனால் புரியாததைத் திருப்பிக் கேட்பேன். நேற்று மறுபடியும் போய் டாக்டர் ஷீலாவிடம் கேட்டேன். வயிற்றில் இருக்கும்போதே தாய் கொடுத்துவிட்ட பொருள் அது, மாதம் போகப் போகக் குறையும், இந்த வயதில் பிள்ளை சொந்தமாக உண்டாக்குவது கொஞ்சமாகத்தான் இருக்கும், தாய்ப்பாலும் காவல்தான், அதை ஏன் நிறுத்தினீர்கள் என்று டாக்டர் என்னைத் திட்டினார். தாயுடையது நிறைய இருந்தால் பிள்ளை சொந்தமாக உண்டாக்குவது சற்று மட்டுப்படலாம் என்றும் சொன்னார், அதைப் பிடித்துக்கொண்டு நீ வாதாடுவாய் என்பதால் நானே எழுதிவிட்டேன். அதில் யார் குற்றமும் இல்லை. தாய் கொடுத்தது இல்லாமலிருந்தால் சீக்கு இன்னும் முற்றியிருக்குமா என்று கேட்டேன், இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

தேவாரத்திலிருந்து சம்பந்தி ஒச்சப்பன் பேசினார். மக பாலைப் பீச்சிக் கீழ ஊத்திட்டுக் கெடக்கா, வரவரச் சுரப்பும் கொறையுது, பிள்ளைய அனுப்புறீகளா இல்ல நாங்க வரவா என்றார். நீங்கள் வர வேண்டாம் என்றேன். அந்தப் பக்கம் வாழைக்குள் யானை இறங்குகிறதாம், சாயங்காலப் பஸ்சு சரிப்படாது.

இனி ஆக வேண்டியவை. நீ இன்றே அனுசியாவைக் கூப்பிட்டுத் தவறு என்னுடையது என்று சொல்ல வேண்டும், ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பேசு, நீ ஏசியது தெருவுக்கே கேட்டது. உன் அம்மா முத்துப்பேச்சி என்னோடு தேவாரம் வந்து, சம்பந்தி வீட்டார் முன்னால் தான் சொன்னது பொய்யென்று சொல்ல வேண்டும், மாட்டேன் என்றால் இங்கேயே இருக்கட்டும். பிள்ளைக்கு இரண்டாம் தடவை ரத்தம் எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், கொடுப்பதா வேண்டாமா என்பதை அனுசியா முடிவு செய்வாள். திரும்பி வருவதையும் அவள்தான் முடிவு செய்வாள். நாளைக் காலை முதல் பஸ்சில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேவாரம் போவது என் வேலை, அதற்கு உன் சம்மதம் கேட்கவில்லை.

நல்லபடியாக இரு, ஆயுசோடு இரு. வேளைக்குச் சாப்பிட மறக்காதே.

உன் அப்பா,
வீரையா