எனக்கு வந்த சாவுச் சீலை

வவாவுத் தீவு,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மனாசேக்கு,

உங்கள் மனைவி லேசியேலி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் பிழைத்துக்கொண்டேன். கை இன்னும் நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசினால் நாலு பேர் காது கொடுப்பார்கள். அதனால்தான் திராட்சை பறிக்க உங்களைப் போலவே கடல் தாண்டி வரும் செய்னியின் கணவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மூளைக்காய்ச்சல் என்று மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதற்குமேல் தங்கள் கையில் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் நம் சபைப் பெண்கள் பதினொரு பேர் முறை வைத்து வந்தார்கள். ஒருத்தி கால்களுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பாள், ஒருத்தி சேப்பங்கிழங்கை மசித்து ஊட்டுவாள், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். பக்கத்து வீட்டுச் செய்னி என் மலத்துணியைத் துவைத்தாள். கூடப் பிறந்தவள்கூட முகம் சுளிப்பாள், அவள் சுளிக்கவில்லை. அந்தப் பாட்டுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் திரும்பி வந்தேன்.

உங்கள் அக்கா பிசிலா நான் படுக்கையில் கிடந்த நாற்பது நாளில் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. பெண்கள் கூட்டத்தில் மட்டும் எழுந்து நின்று, “என்னை எதுத்துப் பேசின அவ வாய்க்குக் கடவுளே பூட்டுப் போட்டிருக்காரு. என் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டாத்தான் எந்திரிப்பா” என்று சொன்னாராம். இதைக் கேள்விப்பட்ட அன்றுதான் எனக்குச் சாகக்கூடாது என்ற வெறி வந்தது. பாதி உயிரை ஜெபம் கொடுத்தது, மீதியை இந்தக் கோபம் கொடுத்தது. கர்த்தருக்கும் அது தெரியும்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம் யாரும் பிடிக்காமல் எழுந்து உட்கார்ந்து, ஒரு கிண்ணம் மீன் சூப்பை என் கையாலேயே குடித்தேன். செய்னிக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்க் கோவில் மரமுரசை அடித்துவிட்டாள். நேரங்கெட்ட நேரத்தில் முரசு கேட்டால் சாவு என்றுதானே நம் பக்கத்தில் நினைப்பார்கள். மற்றவர்கள் என்ன ஏது என்று விசாரித்தார்கள். அடுத்த ஊரில் இருந்த உங்கள் அக்கா விசாரிக்கவில்லை. கறுப்புடுப்பு, இடுப்பில் சாவு வீட்டுக்குக் கட்டும் துக்கப் பாய், வண்டியில் உங்கள் அம்மா அடித்து வரைந்த அந்தப் பெரிய மரப்பட்டைச் சீலை எல்லாம் தயாராகவே இருந்திருக்கின்றன. அதை ஊர் பார்க்க விரித்துப் பெயர் வாங்கிக்கொண்டு, சடங்கு முடிந்ததும் என் தாய்வீட்டார் சீராகக் கொண்டுவரும் பாய்களில் தமக்கை உரிமையில் நல்லதாக நாலு எடுத்துப்போகலாம் என்பது கணக்கு. சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீன் பிடிக்கிற வேலை.

வாசலிலேயே தொடங்கிவிட்டார். “போயிட்டியே லேசியேலி, என் தம்பிய அநாதையா விட்டுட்டுப் போயிட்டியே.” அவர் பின்னால் நாலு பேர் சீலையைச் சுமந்து வந்து கூடத்தில் விரித்தார்கள்.

“எங்கயும் போகல அண்ணி. உள்ள வாங்க, சூப்பு இருக்கு” என்றேன்.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் பத்து நாள் காய்ச்சல் வந்தாலும் அந்த முகத்தை நினைத்தே தாங்கிக்கொள்வேன். சீலையைச் சுருட்டச் சொல்லி அவர் ஆட்களுக்குக் கைகாட்டினார். அதற்குள் செய்னி அதன் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, முறைப்படி நன்றி சொல்லத் தொடங்கிவிட்டாள். பெரிய குடும்பம், பெரிய மனசு, நோயாளி படுக்க இப்படியொரு சீலையா என்று வம்சத்தையே இழுத்துப் புகழ்ந்தாள். நன்றி சொல்லியாகிவிட்டால் கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியுமா? மற்ற பெண்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்கள்.

அன்று முதல் நான் அதன் மேல்தான் படுத்தேன். என் சாவுக்கு வந்த சீலை, எனக்கு நல்ல தூக்கத்தைக் கொடுத்தது.

இப்போது தன் மகள் கல்யாணத்துக்கு அது வேண்டும் என்று அக்கா ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். போதகர் வந்து ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னார். முதல் தரமே இன்னும் முடியவில்லை, மீதியை எப்போது எண்ணுவது என்று கேட்டேன். அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். உங்களிடமும் அக்கா கேட்டிருப்பார். தமக்கை கேட்டால் தம்பியால் மறுக்க முடியாது, அது நம் வழக்கம். அதனால் உங்களுக்கு அந்தச் சங்கடம் வரக்கூடாது என்று நேற்றே கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். பதினொரு துண்டு, பதினொரு வீடு. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருத்தியும் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு உங்கள் அக்காவுக்கு முன்வரிசையில் உட்காரப் போகிறாள். உங்கள் அம்மா கைவேலை என்று வெட்டும்போது நெஞ்சு வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் வெட்டினேன்.

உங்கள் அக்காவுக்கு நூறு வயது கொடுக்கும்படி தினமும் ஜெபிக்கிறேன். நான் நடந்து கோவிலுக்குப் போவதை அவர் ஒவ்வொரு வாரமும் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் பாக்கி. அன்று வெளியே போகும்போது அவர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: “நானாவா செஞ்சேன்? எல்லாத்தையும் தயாரா வச்சுக்க அக்கான்னு என் தம்பிதான் போன்ல சொன்னான்.”

அவரை வெறுக்க எனக்குத் தெம்பு இருக்கிறது. உங்களை வெறுக்க இல்லை. அவர் சொன்னது பொய் என்று ஒரு வரி எழுதுங்கள். அது பொய்யில்லை என்றாலும், அப்படியே எழுதுங்கள்.

கர்த்தர் உங்களைக் காப்பாராக.

உயிரோடிருக்கும் உங்கள் மனைவி,
லேசியேலி