ஏரி வற்றியதும் தெரிந்த பள்ளம்

என் அருமை அண்ணிக்கு,

உன் ஊர் ஏரி வற்றிவிட்டது அண்ணி. மலையடிவாரம் வரைக்கும் வெடித்த களிமண்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கம்பெனி ஆட்கள் பிள்ளைகுட்டியோடு பஸ் ஏறி வருவார்களே, இப்போது ஒருவரும் வருவதில்லை. நடு ஏரியில் மாடு மேய்கிறது.

உன்னை விழுங்கிய இடம் கண்ணுக்குத் தெரிகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ போன பிறகு ஊர் என்ன பேசியது தெரியுமா? "அது அவ பொறந்த ஊரு ஏரி. எங்க முழங்கால், எங்க இடுப்புன்னு அவளுக்கா தெரியாது? வேணும்னேதான் எறங்கியிருக்கா." அன்று காலை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அண்ணன் புளிசோற்றுத் தூக்குப்போசியை டீக்கடையில் மறந்துவிட்டு வந்தார். "நான் செத்தாத்தான்யா என் அருமை தெரியும் உனக்கு" என்று கத்தினாய். எந்த வீட்டில் எந்தப் பொம்பளை சொல்லாத வார்த்தை? நம் லைன் வீட்டுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பஸ் கிளம்பியதும் அவர் தோளிலேயே சாய்ந்து நீ தூங்கியதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

மற்றதையும் நான் பார்த்தேன். உன் செல்வி விளையாடிய லாரி டியூப் காற்றில் தண்ணீர்மேல் நகர்ந்து போனது. பிள்ளை அழுதது. நீ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெள்ளைப் பாறைப் பக்கமாக இறங்கினாய்.

"வேண்டாம் அண்ணி."

"அடி பயந்தாங்கொள்ளி! நாங்க எருமை கழுவுன எடம்டி இது. முழங்காலுக்கு மேல வராது."

திரும்பிச் சிரித்தாய். அடுத்த எட்டில் நீ இல்லை. அண்ணன் ஓடிவந்து குதித்தார். அவருக்கும் நீச்சல் தெரியாது. துணி துவைத்தவர்கள் அவரை இழுத்துப் போட்டார்கள். உன்னை எடுக்கச் சாயங்காலம் ஆனது.

இதை நான் எடுத்துச் சொல்லாத ஆள் இல்லை. "நாத்தனார்க்காரி வேற எப்படிச் சொல்லுவா? அண்ணனைக் காப்பாத்தத்தானே பேசுவா" என்றார்கள். உன் அம்மா எங்கள் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனவர், பேத்தியைப் பார்க்கக்கூட வரவில்லை. குழாயடியில் செல்வியிடமே கேட்கிறார்கள் அண்ணி, "உங்கம்மாவுக்கு உம்மேலகூட ஆசை இல்லியா பாப்பா?" என்று. குழந்தை என்ன சொல்லும்?

போன மாதம் அண்ணனே கேட்டார். "சாந்தா, நெசமாவே அப்படித்தான் இருக்குமோ?"

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. ஏரி வற்றிவிட்டதென்று கேள்விப்பட்டதும் செல்வியைக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைப் பாறைக்கு நேரே பெரிய பள்ளம். கரைப்பக்கம் சுவர் மாதிரி வெட்டியிருக்கிறது. மாடு மேய்த்த பெரியவர், "கம்பெனி கட்டற எடத்துல மேடு போட லாரி லாரியா இங்கதாம்மா மண்ணு அள்ளுனாங்க. ஆச்சு ஏழெட்டு வருசம்" என்றார். அப்போது நீ வாக்கப்பட்டு ஓசூர் வந்துவிட்டாய். உன் அம்மாவும் மகனோடு காவேரிப்பட்டினம் போய்விட்டார். ஏரியின் அடியைத் தோண்டியதை உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

லாரி இறங்கிய சரிவு வழியாகச் சுற்றிப்போய் உள்ளே நின்றேன். கையைத் தூக்கினேன். விளிம்பு எட்டவில்லை.

மேலே நின்ற செல்வி கேட்டாள்: "அத்தை, இந்தப் பக்கமும் சரிவா விட்டிருந்தா அம்மா ஏறி வந்திருப்பாங்கல்ல?"

"வந்திருப்பா கண்ணு."

பஸ்ஸில் என் மடியில் படுத்து அழுதாள். நீ போனதிலிருந்து அவள் அழுதது அன்றுதான்.

அண்ணன் வரமாட்டேன் என்கிறார். "பாத்து என்ன ஆவப்போவுது, அவ வரப்போறாளா?" என்கிறார். பார்க்கப் பயப்படுகிறாரோ என்னவோ. மேகம் கட்டத் தொடங்கிவிட்டது. ஐப்பசி மழை விழுந்தால் தண்ணீர் அதை மறுபடி மூடிவிடும். அப்புறம் யாரிடம் எதைக் காட்டுவேன்?

மழைக்கு முன்னால் அவரை இழுத்துக்கொண்டு போய் அந்தப் பள்ளத்தில் நிறுத்துவேன் அண்ணி. உன் அம்மா வந்தால் அவரையும். அண்ணன் கையைத் தூக்கிப் பார்க்கட்டும். எட்டவில்லை என்று அவர் வாயால் சொல்லட்டும். அதைக் கேட்காமல் நான் விடமாட்டேன்.

உன் நாத்தனார்,
சாந்தா