அப்பாவுக்கு ஒரு திதி

டிரெஸ்டன்
12.10.2025

அன்புள்ள தபோதரன் மாமாவுக்கு,

ஹம்பேர்க்கில் குளிர் தொடங்கியிருக்கும். முழங்கால் நோ எப்படி? கைபேசியில் நான் அனுப்பிய மூன்று செய்திகளையும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறீர்கள். அதனால் முத்திரை ஒட்டுகிறேன்.

நேரே கேட்கிறேன். 1998 தையில் ஐரோப்பா வருவதற்காக அப்பாவும் நீங்களும் நைஜரில் ஒரே லொறியில் ஏறினீர்கள். லிபியாவில் நீங்கள் மட்டும் இறங்கினீர்கள். "அண்ணை அடுத்த லொறியில வாறார்" என்று தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னீர்கள். இருபத்தேழு வருடமாக அந்த லொறி வந்துகொண்டிருக்கிறது.

நான் படிப்பது புவியியல். அந்தப் பாலைவனம் முழுக்கச் செய்மதிப் படமாக என் திரையில் இருக்கிறது. மணல் ஓரிடத்தில் ரோசா நிறம், ஓரிடத்தில் வறுத்த கோப்பிக்கொட்டை நிறம். பார்த்துக்கொண்டே இருந்தால் லொறித் தடங்கள் மெல்ல அசைகின்றன. எல்லைக்கோடு மட்டும் அசையாது. அது பாரிசிலும் ரோமிலும் இருந்தவர்கள் அடிமட்டம் வைத்துக் கீறியது. உங்கள் காலத்தில் லிபியாவுக்கு ஐ.நா. போட்ட விமானத் தடை. தடை போட்டவர்கள் எவரும் அந்த மணலில் நடக்கவில்லை. இன்று அதே பாதையை அடைக்க ஐரோப்பா காசு கொடுக்கிறது. இதெல்லாம் எனக்குக் கோபம்தான். அதைவிட உங்களில் கோபம்.

அம்மா இன்னும் பொட்டு வைக்கிறா. ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிக்கச் சொன்னால், "அது எல்லாருக்கும் பொது நாள். மனுசன் செத்ததெண்டால் அவருக்கெண்டு ஒரு திதி இருக்கும். கொண்டு வா, செய்யிறன்" என்கிறா.

எங்கே, எப்போது? இரண்டும் வேண்டும்.

கிருசாந்தி

ஹம்பேர்க்
2.11.2025

அன்பின் பிள்ளை கிருசாந்திக்கு,

மூன்று கிழமையாக எஸ்-பான் ரயிலில் உன் கடிதத்தை வாசிக்கிறேன். இறங்கவேண்டிய இடத்தை இரண்டு தரம் விட்டுவிட்டேன்.

இடத்தின் பெயர் தெரியாது. எல்லை கடந்து, வலப்பக்கம் கறுத்த மலை. சாட் நாட்டோடு நடந்த சண்டையில் எரிந்த இராணுவ டாங்கி ஒன்று மணலில் பாதி புதைந்து கிடந்தது. கண்ணிவெடி இருக்குமென்று சாரதி அந்தப் பக்கம் விடவில்லை. "இஞ்சயும் ஒரு ஆனையிறவடா தம்பி" என்று எங்கள் நாட்டுப் போர்க்களத்தை நினைத்து அப்பா சிரித்தார். அவருடைய கடைசிப் பகிடி அது. அங்கேயே லொறி பழுதாகியது. காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள், உச்சி நேரத்தில் போனார். கோப்பைகளால் மணல் கிண்டினோம். எங்கள் வாயில் ஒரு தேவாரம் வரவில்லை. லொறிக்காரர்தான் தங்கள் தொழுகையைச் சொன்னார்கள்.

திகதி எவருக்கும் தெரியாது. நோன்பு காலம். அவர் போய் நாலு நாள் கழித்துப் பின்னேரம், திருத்திய லொறியிலிருந்து லொறிக்காரர் குதித்து இறங்கி மேற்கே கையைக் காட்டிக் கூத்தாடினார்கள். நகம் வெட்டிப் போட்டதுபோலப் பிறை. நாளைக்குப் பெருநாள் என்றார்கள். மணலும் வானமும் ஒரே நீலம். எங்கே தரை என்று தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் செத்துத்தான் மிதக்கிறோமோ என்று நினைத்தேன்.

லிபியாவின் சபா நகரத்திலிருந்து கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தபோது உன் அம்மா பிறேமா அக்காவின் குரல் கேட்டது. "அடுத்த லொறி" என்று வாயில் வந்துவிட்டது. பிறகு திருப்பி எடுக்க முடியவில்லை.

தபோதரன்

டிரெஸ்டன்
16.11.2025

மாமாவுக்கு,

பிறை போதும். அந்தப் பெருநாள் பிறை கண்களுக்குத் தெரிந்தது 1998 சனவரி 29 மாலை. அப்படியென்றால் அப்பா 25, ஞாயிறு. தை மாதத் தேய்பிறைத் திரயோதசி.

லைப்சிக் போய் அம்மாவிடம் சொன்னேன். அழவில்லை. கலண்டரை எடுத்துப் பார்த்தா. அந்தத் திதி வருகிற சனவரி 16, வெள்ளிக்கிழமை. பொட்டைப் பற்றி நான் வாய் திறக்கமுதல், "அது என்ர நெத்தி" என்றா. பிறகு சொன்னா: "அவனோட இப்ப எனக்குக் கதைக்க ஏலாது. நீ ஒண்டு கேள். படையல் போடவேணும். கத்தரிக்காய்க் குழம்பெண்டா இவருக்கு உயிர். கடைசியா என்ன கேட்டவர்? ஏதும் கேட்டிருப்பார்."

இந்த முறை கிழமைக்கணக்கில் யோசிக்காதையுங்கோ.

கிருசாந்தி

ஹம்பேர்க்
14.12.2025

கிருசாந்திக்கு,

சாப்பாடு ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டார், மூன்று தரம். முதல் இரண்டு தரம் "முடிஞ்சுது அண்ணை" என்றேன். மூன்றாம் தரம் நித்திரைபோலக் கிடந்தேன். என் சேட்டுக்குள், நெஞ்சோடு, அரைப் போத்தல் தண்ணீர் இருந்தது.

காய்ச்சல்தான் கொன்றது என்று நானும் நம்பிப் பார்த்தேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லும் வேலையை உன் தலையில் போடமாட்டேன். இதே தபாலில் அவவுக்கும் எழுதிவிட்டேன்.

கத்தரிக்காய் வையுங்கோ. அதற்கு முதல் ஒரு செம்பு தண்ணீர். விளிம்புவரை.

தபோதரன்