பூசாரி கேட்ட கேள்வி, நீ பாடிய பதில்

அடியே,

பக்கத்து மளிகைக் கடையில் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி போட்டார்கள். புகை என் கடைக்குள்ளும் வந்துவிட்டது. ஒரு போனைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தேன், கை அப்படியே நின்றது. பதுளை பஜாரில் வாராவாரம் வருகிற வாசனைதான். எனக்கு மட்டும் அது தேயிலைத் தோட்டத்தில் உன் லயத்து வீட்டு வாசலும், உன் நெற்றி நிறைய விபூதியும், சிரிப்பை அடக்க நீ கடித்துக்கொண்ட உதடும். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நமுனுகுலவிலிருந்து பதுளைக்குப் பஸ்ஸில் படிக்க வந்த காலம் நினைவிருக்கிறதா? ஒரே இயர்போன், ஆளுக்கொரு காது. எனக்குக் கிட்டார்தான் கேட்கும், உனக்கு வரிகள் கேட்கும். இங்கிலீஷ் ரொக் பாட்டை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வாய். இந்த உலகத்தைப் படைத்தவன் பெரிய கடவுளே இல்லை, தனக்கு மேலே யாருமில்லை என்று நினைத்துக்கொண்ட ஒரு சின்னக் கடவுள். நமக்குள் இருக்கும் வெளிச்சம் அவனுக்கும் மேலே இருந்து விழுந்தது, அதை உடம்புக்குள் பூட்டி நம்மை மறக்க வைத்துவிட்டான். ஏதேன் தோட்டத்துப் பாம்பு கெடுக்க வரவில்லை, எழுப்ப வந்தது. எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

"காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்களத்துல நிக்கிற தோட்டத்துத் தொரைய பாத்திருக்கேல்ல?" என்றாய். "இந்த மலையையே அவருதான் செஞ்ச மாதிரி நிப்பாரு. மலை அவருக்கு முன்னாடியே இருந்துச்சுடி. அவ்வளவுதான் விஷயம்."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். இன்றுவரை அதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

சாத்தான் பாட்டு என்று நம்மைத் திட்டியவர்கள் ஒருவரா இருவரா? நீ அசரவே இல்லை. "மண்டையோடு, தலைகீழ் சிலுவை எல்லாம் சட்டை விக்கிறதுக்கு. பாதிப் பேரு பயங்காட்டத்தான் எழுதுறான். மிச்சப் பேரு என்ன கேக்குறான்னு பாரு" என்பாய். நீ வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறவள் இல்லை, சலித்து எடுப்பவள். அந்தக் கர்வம் எனக்குப் பிடிக்கும்.

பிறகு அந்தப் பாடகர்களைப் போலவே அடிவயிற்றிலிருந்து உறுமிப் பாட ஆரம்பித்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஓடைக்கரையில் நீ பழகியபோது, அன்றன்றே கிடைக்கும் கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிறுத்தை என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஓடியவர்கள் திரும்பி வந்து, சத்தம் போட்டது நீதான் என்று கண்டதும் கதை இன்னும் மோசமாகிவிட்டது. "ஐயோ, புள்ளைய முனி அடிச்சிருச்சு!"

அன்று மத்தியானமே உன் அம்மா கோயில் பூசாரியை அழைத்து வந்தார். லயத்து வாசலில் உன்னை உட்கார வைத்து, சாம்பிராணி போட்டு, உடுக்கை அடித்துப் பேயிடம் கேட்கிற கேள்விகளைக் கேட்டார் அவர். "யாரு நீ? எங்கேருந்து வந்தே? எதுக்கு இந்த ஒடம்புல இருக்கே?"

உன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. உனக்கு மயிர்க்கூச்செறிந்ததை நான் பார்த்தேன். நீ இத்தனை நாள் பாட்டுகளில் தேடிய கேள்வியை ஒரு மனிதர் உன் வாசலிலேயே, உன் பாஷையிலேயே கேட்கிறார்! சாதாரணக் குரலில் பதில் சொன்னாய். "வெளிச்சத்துலேருந்து வந்தேன் தாத்தா. யாரோ உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. கத்துனாதான் கதவு தொறக்குது."

உடுக்கை நின்றது. "வெரட்டிவிடுங்க சாமி" என்று உன் அம்மா அழுதார். பூசாரி உன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார். "வெரட்ட உள்ள வேற யாரும் இல்ல தங்கச்சி. ஒம் மக மட்டுந்தான் இருக்கா" என்றார். தேங்காயையும் சேவலையும் மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

அந்தக் கேள்விகளையே பல்லவியாக வைத்து, நாம் தொடங்கிய ரொக் குழுவுக்குப் பாட்டு எழுதினாய். மற்றக் குழுக்காரர்கள் கடன் வாங்கிய பிசாசுகளைப் பாடினார்கள், நீ நம் வாசலில் நடந்ததைப் பாடினாய். பதுளை மண்டபத்தில் சிங்களப் பையன்களும் நம்மோடு சேர்ந்து "யாரு நீ?" என்று தமிழில் கத்தியபோது, பேஸ் கிட்டாரில் நான் ஒரு தாளத்தைக் கோட்டைவிட்டேன். பெருமையடி, வேறு ஒன்றுமில்லை.

உனக்கு மட்டும் ஒரு குறை. "ஒரே ஒரு தடவை அம்மா முன்னால உக்காந்து கேக்கணும்டி." உன் அம்மாவோ, "பாடட்டும், எங் காதுல விழ வேணாம்" என்று நீ பழகும்போதெல்லாம் முந்தானையால் காதை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். நோய் இரத்தத்தில் வந்து உன்னைக் கொண்டுபோனது. கடைசிவரை குரல் உன்னிடமே இருந்தது. அந்த ஆசை மட்டும் நடக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் உன் பாட்டை நான் பாடினேன். ஆமாம், நானே! அழைத்தால் வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டேதான் உன் அம்மாவை அழைத்தேன். முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார், வெள்ளைச் சேலையில். நான் உறுமத் தொடங்கியதும் பக்கத்திலிருந்த பெண் பயந்துபோய், "என்னக்கா, இந்தப் புள்ளைக்குள்ள என்னமோ பூந்திருச்சா?" என்று கேட்டாளாம். பின்வரிசையிலிருந்த நம் டிரம்ஸ்காரனின் மனைவிதான் எனக்குச் சொன்னாள். உன் அம்மா மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேற யாரும் இல்ல. எம் மக மட்டுந்தான் இருக்கா" என்றாராம்.

பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த விபூதியை என் நெற்றியில் பூசினார். அழுவார் என்று நினைத்தேன். இல்லை.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ரெண்டாவது கேள்விக்கு நீ தொண்டையிலேருந்து எடுக்குற. அவ அங்க மூச்ச நிறுத்தி, அடிவயித்துலேருந்து எடுப்பா. அடுத்த தடவை பாத்துப் பாடு" என்றார்.

அவர் சொன்னபடியே இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன், சரியாக வருகிறது. உன் அம்மா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாரடி, உன் ஒரு மூச்சைக்கூடத் தவறவிடாமல்.