கூம்புக்கு வைத்த சந்தனம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நேற்று அடுக்களை மேடையில் ஒரு சின்ன அலுமினியக் கூம்பை மாட்டுவதற்கு நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டேன். எஞ்சின் ஓடக்கூட இல்லை. என் வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். இந்நேரம் பாளையங்கோட்டை முழுக்கத் தெரிந்திருக்கும்.

உம்முடைய குட்டி விமானத்தின் மூக்கில் மாட்டும் கூம்புதான். எஞ்சினைத் துடைத்ததும், எரிபொருளில் நீர் கலக்கும் விளக்கெண்ணெய் கருகிய வாசனை எழும்பியது. அது உம் சட்டையின் வாசனை. “பறக்கவெல்லாம் விட வேண்டாம், அந்தச் சத்தத்த மட்டும் ஒருக்காக் கேக்கணும்” என்று மதினி சொல்லியனுப்பியிருந்தார்கள். உம் வருசத் திவசம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

நீர் மாட்டும் அழகே தனி. முதலில் கூம்பின் அடித்தட்டு, அதன்மேல் ப்ரொப்பெல்லர், நட்டு, கடைசியில் கூம்பு. கூம்பு ப்ரொப்பெல்லரில் உரசுகிறதா என்று நடுவில் டவுன் பஸ் டிக்கெட்டை நுழைத்துப் பார்ப்பீர். “நேர நிக்காதேயும் வே. தெறிச்சா மூஞ்சிதான்.”

ஆயுத பூசைக்கு மறுநாள், சீவலப்பேரிப் பொட்டலில், போட்டோ எடுக்கிறேன் என்று நான் நேரேதான் நின்றேன். கூம்பு தெறித்து என் காதோரம் விர்ரென்று போனது. நீர் ஓடிவந்து என் தலையைத் தடவித் தடவிப் பார்த்தீர். “நட்ட நாந்தான் சரியா முறுக்கல. ஒம்மக் கொன்னிருப்பேன் வே.” அதன்பின் அந்த எஞ்சினை நீர் தொடவேயில்லை.

நீர் சரியாகத்தான் முறுக்கியிருந்தீர். பூசையன்று நீர் கைகழுவப் போன நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றி, அடித்தட்டில் சந்தனத்தை அப்பி, திரும்ப மாட்டியது நான். வெளியே பொட்டு வைத்தால் காற்றில் போய்விடுமாம், என் புத்தி. ஈரத்தில் இறுகினாற்போல் இருந்தது. காய்ந்து பொடியானதும் நட்டு தளர்ந்துவிட்டது. ஊர்க்கதை அத்தனையும் உம்மிடம் ஒப்பித்த வாய், இதை மட்டும் மென்று விழுங்கியது.

இன்று காலை உம் வீட்டு முற்றத்தில் உம் மகள் கிண்ணத்தோடு வந்தாள். “சித்தப்பா, சந்தனம் வச்சிருவமா?”

“வேண்டாம்ட்டி” என்றேன். பூசையன்று நான் செய்ததையெல்லாம் மதினி முன்னால் சொல்லிக் கொட்டிவிட்டேன்.

மதினி மகள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்தார்கள். பிறகு, “அவுக அத நெனச்சு நெனச்சு ஒறங்காமக் கெடந்தாக” என்றார்கள். திட்டியிருக்கலாம்.

எஞ்சின் ஓடியது. சத்தம் தெருமுனை வரை கேட்டது. கூம்பு இம்மியும் ஆடவில்லை. உம் தலையில் இருந்த பழியை இறக்கி என் தலையில் வைத்துக்கொண்டேன் வே. இப்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

கூம்பு ஆடவில்லை என்பது உம் மகள் சொன்னது. எஞ்சினைச் சுற்றிவிட்டவளும் அவள்தான். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு குந்தியிருந்தேன்.